வேரும் பங்கும்

கடல் கடந்து குடியேறிய குடும்பங்களில் முன்னோர் ஊரைக் காணவேண்டும் என்னும் வேட்கை பெரும்பாலும் மூன்றாம் தலைமுறையில்தான் எழுகிறது. முதல் தலைமுறைக்கு அவ்வேட்கை தேவைப்படவில்லை. ஊர் அதன் நினைவிலேயே இருந்தது. இரண்டாம் தலைமுறைக்கு நேரமில்லை. வயிற்றுப்பாட்டிலும் பிள்ளைகளின் படிப்பிலும் அதன் காலம் கழிந்தது. பேரன்மார் ஓய்வூதியம் பெறத் தொடங்கிய பின்னரே பயணப் பெட்டியைத் தூசு தட்டி எடுக்கின்றனர். இப்பயணத்திற்கு 'வேர் தேடுதல்' என்று பெயர் சூட்டும் வழக்கமும் நிலைத்துவிட்டது.

பெயர் அழகியதே. எனினும் அது பிழையான எண்ணம் ஒன்றுக்கு வழிவகுக்கிறது. வேர் என்பது மரத்தின் உறுப்பு. மரத்திற்காகவே அது மண்ணுள் கிடக்கிறது. மரத்தின்மீது அதற்குத் தனி வழக்கு ஒன்றும் இல்லை. தேடிச் செல்பவரை அவ்வூரில் எதிர்கொள்வதோ வேறொரு மரம். அதுவும் அதே விதையின் வழிவந்தது. ஆனால் வேறு மழையும் வேறு வறட்சியும் கண்டது. அதற்கும் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. தன்னை அறிந்துகொள்வதற்காகச் செல்லும் ஒருவர், அங்கே தாம் காணும் உறவினருக்கு எதனைச் செலுத்தக் கடமைப்பட்டவர்? இவ்வினாவை எழுப்பாமலே பயணங்கள் நடைபெறுகின்றன. கோயில், குளம், பழைய திண்ணை ஆகியவற்றின் படங்களோடு திரும்பியும் வந்துவிடுகின்றனர்.

மலாயாவுக்குத் தமிழர் தொழிலாளராக வந்த வரலாறு தமிழ்ப்பள்ளி மாணவரும் அறிந்ததுதான். ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டோடு மலாயாவில் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கி நின்றது. கங்காணி தன் சொந்த ஊருக்கே சென்று, தெரிந்தவரையும் உறவினரையும் திரட்டி வந்தான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ ஒரு வாரக் கடற்பயணம். 1926-இல் கட்டப்பட்ட 'இரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நாவில் உள்ளது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்தது. அதன் பின்னும் கடிதங்களும் மணியார்டர்களும் கடலைக் கடந்த வண்ணமே இருந்தன. அவற்றையும் 1941-இன் இறுதியில் தொடங்கிய போர் நிறுத்தியது. போருக்குப்பின் கப்பல்கள் மீண்டும் ஓடின. கடிதங்கள் எல்லாக் குடும்பங்களிலும் மீண்டும் தொடங்கவில்லை. 'சிதம்பரம்' கப்பல் 1985-ஆம் ஆண்டு தீக்கிரையானதோடு அப்பெருங்கப்பல் போக்குவரத்தின் காலமும் முடிந்தது. இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒரு வாரப் பயணம் நான்கு மணியாகச் சுருங்கிய அதே காலத்தில், சென்று சேரவேண்டிய வீடு எதுவென்று தெரியாமற்போனது.

பேரா மாநிலத்தில் அஞ்சல் அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் 2012-ஆம் ஆண்டில் அவ்வாறு புறப்பட்டார். அவர் தாத்தா 1926-இல், இருபது வயதில், முசிறி வட்டத்து ஊர் ஒன்றிலிருந்து கங்காணியோடு வந்தவர். இரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். தோட்டத்திலேயே 1930-இல் மணம் முடித்தார். பேரனின் கையில் இருந்தது ஒரு மணியார்டர் இரசீதின் கிழிசல் மட்டுமே. அதில் ஊர்ப்பெயர் 'புதூர்' என்று இருந்தது. தமிழ்நாட்டில் புதூர் இல்லாத வட்டம் உண்டா? அஞ்சலகத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கே அம்முகவரி போதவில்லை. இறுதியில் வழிகாட்டியது குலதெய்வத்தின் பெயர். பாட்டி பிள்ளைகளுக்குக் காது குத்தும்போதெல்லாம் சொன்ன பெயர் அது. அத்தெய்வத்தின் கோயில் எங்கே என்று கேட்டுச் சென்றபோது, அங்கிருந்த பூசாரி, தலைக்கட்டு வரி கொடுப்போரின் பெயர்களைப் பாராமலே ஒப்பித்து, "பினாங்குக்குப் போனவர் வீடுதானே?" என்று கேட்டாராம். 86 ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வீட்டுக்கு அதுவே பெயராக இருந்தது.

அவ்வீட்டில் தாத்தாவின் தம்பியின் வழியினர் இருந்தனர். தம்பியின் மனைவி உயிரோடு இருந்தார்; எண்பது வயதைக் கடந்தவர்; முறையில் அவருக்குச் சின்ன அப்பாயி. அம்மூதாட்டியின் பேரன் வயலையும் வீட்டையும் பார்த்து வந்தான். வந்தவரை 'அண்ணே' என்று அழைத்தான். கோழி அடித்து விருந்து வைத்தனர். வந்தவர் பெட்டியைத் திறந்து கைலி, கோடாலித் தைலம், கைக்கடிகாரம், மைலோ டின் ஆகியவற்றை எடுத்து வைத்தார். இரண்டு நாள் இவ்வாறு மகிழ்ச்சியாகக் கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் தம்பி முறையானவன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து தாள்களை வெளியே எடுத்தான். நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தது. தாத்தாவின் பெயரும் அவர் தம்பியின் பெயரும் அதில் சேர்ந்தே இருந்தன. ஆழ்துளைக் கிணறு போட வங்கிக் கடன் வேண்டும். பெயர் பிரியாமல் கடன் கிடைக்கவில்லை. அண்ணன் விடுதலைப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தால் நல்லது.

வந்தவருக்கு நெஞ்சு கசந்தது. கோழி அடித்தது இதற்குத்தானா என்று அவர் எண்ணினார். இத்தகைய கசப்போடு திரும்பியவர் பலர். 'உறவு என்று போனோம், கையெழுத்துக் கேட்டார்கள்' என்று அவர்கள் சொல்வதை மலேசியாவில் திருமண வீடுகளில் கேட்கலாம். அக்கரையிலோ, 'உறவு என்று வந்தார், பங்கு கேட்கத்தான் வந்தாரோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை' என்று சொல்லியிருப்பர். அது இக்கரைக்குக் கேட்பதில்லை.

பயன் கருதிய அன்பு அன்பாகுமா? தமிழாசிரியர்கள் இதற்கு விடை தேடத் திருக்குறளின் அதிகார வைப்பையே நோக்கலாம். அன்புடைமையும் விருந்தோம்பலும் அறத்துப்பாலில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சுற்றந்தழால் அங்கே இல்லை. அது பொருட்பாலில், அரசியலில், 53-ஆம் அதிகாரமாக வைக்கப்பட்டுள்ளது. அரசனுக்குரிய இயல் ஆதலால் அங்கு வைத்தார் என்று அமைதி கூறலாம், அதுவும் பொருந்துவதே. ஆயினும் சுற்றத்தைப் பொருளிலிருந்து பிரித்துப் பேச வள்ளுவர் முனையவில்லை என்பது மறுக்கத்தக்கதன்று. முதல் இரண்டு நாள் அவ்வீட்டில் வந்தவர் விருந்தினராக இருந்தார். மூன்றாம் நாள்தான் சுற்றத்தாராக ஏற்கப்பட்டார். விருந்தினரிடம் எவரும் பட்டாவைக் காட்டுவதில்லை.

தமிழ்ச்சொல்லே இவ்வுண்மையை வெளிப்படையாகச் சொல்கிறது. தந்தைவழி உறவினருக்கு வழங்கும் பெயர் பங்காளி. பங்கை ஆள்பவன் பங்காளி. அச்சொல்லில் பாசமும் வழக்கும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. ஒரே கொட்டிலில் பிறந்தவர் வரப்புக்காக முறைத்துக்கொள்வதும், அவருள் ஒருவர் இறந்தால் மற்றவர் தீட்டுக் காப்பதும் இச்சொல்லின் இரு முகங்கள். பங்கு வேண்டாம், பாசம் மட்டும் போதும் என்று சொல்பவர் பெருந்தன்மையாளராகத் தோன்றலாம். உண்மையில் அவர் பாதி உறவையே வேண்டுகிறார். அதுவும் சுமையற்ற பாதியை.

வந்தவரின் நோக்கத்தையும் இதே தராசில் வைத்துப் பார்ப்பதே நேர்மை. அவர் எதற்காக வந்தார்? தம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். தாம் எங்கிருந்து வந்தவர் என்ற ஐயம் தீர வேண்டும். இவை இழிந்த தேவைகள் அல்ல. ஆயினும் இவையும் தேவைகளே. அவனுக்குத் தண்ணீர் தேவை. இவருக்குக் கதை தேவை. இவற்றுள் எது தூயது என்று கேட்டால், தண்ணீர் கேட்டவன் தன் தேவையை மூன்றே நாளில் வாய்விட்டுச் சொன்னான் என்பதையாவது அவனுக்கு ஆதரவாகச் சொல்லலாம்.

இங்கே மற்றொன்றும் சொல்லவேண்டும். வேர் தேடுதல் எல்லார்க்கும் உரிய கடமை என்று மேடைகளில் முழங்குவோர், மலாயாவுக்கு வந்தோருள் கணிசமானோர் எத்தகைய வாழ்விலிருந்து வந்தனர் என்பதை மறந்துவிடுகின்றனர். தஞ்சைப் பகுதியில் பண்ணையாளாகப் பிறந்தவனுக்குப் பட்டாவும் இல்லை, பங்கும் இல்லை. பண்ணையாள்களை நிலத்திலிருந்து விரும்பியவாறு வெளியேற்றுவதைத் தடுக்கச் சட்டம் வந்ததே 1952-ஆம் ஆண்டில்தான். கீழ்வெண்மணியில் 1968 திசம்பர் 25-ஆம் நாள் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டனர். அத்தகைய மண்ணிலிருந்து கப்பலேறியவன் ஊரை மறந்ததை நன்றியின்மை என்று எவரும் சொல்லத் துணிதல் கூடாது. அவன் பேரன் அவ்வூருக்குச் சென்றால், வாயிலில் கேட்கப்படும் முதற்கேள்வி 'எந்தத் தெரு?' என்பதாக இருக்கக்கூடும். அக்கேள்விக்கு விடை சொல்ல மறுத்துத் திரும்பிவிடுவதற்கும் அவனுக்கு முழு உரிமை உண்டு. அவனுக்கு அங்கே கடன் உண்டென்றால், அது போக வழியின்றி அத்தெருவிலேயே தங்கிவிட்டவர்க்கு உரிய கடன். ஊருக்கு அன்று.

முசிறி வட்டத்து வீட்டிற்குத் திரும்பலாம். தகரப் பெட்டி திறந்த அன்று மாலை, மூதாட்டி வாய் திறந்தார். அதுவரை அவர் பேசவில்லை. வந்தவரின் தாத்தாவை அவர் கண்டதில்லை. அவ்வீட்டிற்கு மருமகளாய் வந்தது 1942-இல். ஆனால் தம் மாமியார் காத்திருந்ததைக் கண்டவர். பொங்கலுக்கு வேட்டி எடுக்கும்போது மூத்தவனுக்கென்று ஒன்று தனியே எடுத்து வைப்பாராம் அத்தாய். அவர் 1951-இல் இறந்தார். மூத்த மகன் வைக்கவேண்டிய கொள்ளியை இளையவன் வைத்தான். சேர்ந்திருந்த வேட்டிகளையும் பின்னர் அவனே உடுத்தித் தீர்த்தான். தந்தை விட்டுச்சென்ற கடனையும் அவனே அடைத்தான். மூத்தவன் வந்தால்தான் குலதெய்வத்திற்குக் கிடா வெட்டுவது என்று நேர்ந்துகொண்ட நேர்ச்சை நெடுங்காலம் நிறைவேறாமலே கிடந்தது. சீமைக்குப் போய்ச் சுகம் கண்டு தாயை மறந்தான் என்பதே அவ்வீட்டில் மூன்று தலைமுறையாக வழங்கிய வரலாறு. ஊரார் மொழியில் சொன்னால், அவனைத் தலைமுழுகிவிட்டனர்.

இவ்வரலாறு பேரனுக்குப் புதியது. அவர் வீட்டில் வழங்கிய வரலாறோ அவர்களுக்குப் புதியது. தாத்தா சுகம் கண்டவர் அல்லர். சப்பானியர் ஆட்சியில், 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தோட்டத்திலிருந்து சயாமுக்கு அனுப்பப்பட்டார். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் போடப்பட்ட மரண இரயில்பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அவருள் அவரும் ஒருவர். அவ்வாண்டு மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியது; அதில் இறந்தார் என்று 1945-க்குப் பின் உயிரோடு மீண்ட ஒருவர் வந்து சொன்னார். பதினொரு வயது மகனோடு இருந்த பாட்டி அச்செய்தியை ஊருக்கு எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? எழுதப்படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். அது முழுக்காரணம் அன்று. தோட்டப்பள்ளி ஆசிரியரிடம் சொன்னால் எழுதிக் கொடுத்திருப்பார். எழுதினால் மைத்துனன் வந்து தன்னையும் மகனையும் ஊருக்கு அழைத்துச் சென்றுவிடுவான் என்று அவர் அஞ்சினார். முகம் அறியாத வீட்டில், வெள்ளைச் சேலை உடுத்தி மூலையில் அமர்ந்து, பிறர் கையை எதிர்பார்த்து மகனை வளர்க்கவேண்டி வரும். தோட்டத்திலோ கத்தி இருந்தது, மரம் இருந்தது, நாட்கூலி இருந்தது. அவர் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார். அம்மௌனத்தின் பயனாகவே மகன் படித்தான். பேரன் அரசுப் பணியாளரானார்.

அறம் பற்றிய சிக்கல் இங்கேதான் உள்ளது. அப்பெண் செய்தது தவறு என்று தீர்ப்பளிக்க எவருக்கு மனம் வரும்? அதே வேளையில், அம்மௌனத்திற்கான விலையை அவர் மட்டும் செலுத்தவில்லை. எட்டாண்டுகள் வேட்டி எடுத்து வைத்த தாயும் செலுத்தினார். இறந்த அண்ணனைத் துரோகி என்று நினைத்தே மடிந்த தம்பியும் செலுத்தினார். நல்வாழ்வு ஒன்று மற்றொருவர் காத்திருப்பின்மீது எழுப்பப்பட்டிருக்குமானால், அந்நல்வாழ்வைப் பெற்ற பேரன் குற்றவாளி ஆகமாட்டார். முன்னோர் பழி பின்னோரைச் சேரும் என்பது அறத்திற்கு ஒவ்வாது. ஆனால் பழி வேறு, விடைகூறும் கடமை வேறு. கடை நடத்தியவர் இறந்தபின், கணக்கேட்டைப் பெற்ற மகன் எழுதியவனாக மாட்டான்; எனினும் கேட்போர்க்கு அதனைத் திறந்து காட்டவேண்டியவன் அவனே. வேறு எவரிடமும் அந்த ஏடு இல்லை.

கைலியும் தைலமும் இக்கடனைத் தீர்க்கமாட்டா. பணமும் தீர்க்காது. வெளிநாட்டிலிருந்து செல்வோர் சிலர் முதல் நாளிலேயே தாராளமாகக் கொடுத்துவிடுகின்றனர். கொடுக்கும் கை நீண்டிருக்கும்போது காது மூடிக்கொள்கிறது. பெற்றவன் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன் ஆகிவிடுகிறான். நன்றி சொல்பவன் கணக்குக் கேட்பது யாங்ஙனம்? கடிகாரத்தைக் கட்டிக்கொண்ட கையோடு தம்பி முறையானவன் தாள்களை எடுக்க மூன்று நாள் தயங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

தமிழ்ப்பள்ளிகளில் மாணவரைக் குடும்ப மரம் வரையச் செய்யும் பயிற்சி உண்டு. நல்ல பயிற்சிதான். அம்மரத்தில் கோடுகள் மேலிருந்து கீழாகவே இறங்குகின்றன: கொள்ளுத்தாத்தா, தாத்தா, தந்தை, மாணவன். தாத்தாவின் தம்பிக்கு அதில் கட்டம் இல்லை. கப்பலேறாதவரைக் கணக்கில் எடுக்காமல் கப்பலேறியவரின் வரலாற்றை எழுத இயலுமா என்று மாணவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தால், அத்தாளில் பக்கவாட்டிலும் இடம் விடவேண்டியிருக்கும்.

சயாமைப் பற்றியும், எழுதப்படாத கடிதத்தைப் பற்றியும் பேரன் அன்று மாலை அனைத்தையும் சொன்னார். சொல்லவேண்டும் என்று எண்ணி அவர் வந்திருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே இருந்தார். கேட்டு முடித்த மூதாட்டி அழவில்லை. எழுதாமற்போனதைப் பற்றி, "அவ எழுதாம இருந்ததே சரி. வந்திருந்தா இந்த வீட்டுல அவளுக்கு வெள்ளச்சீலையும் அடுப்படியும்தான்" என்றார். மாமியாரின் காத்திருப்பை அத்தனை ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தவர், காணாத ஓரகத்தியின் பக்கம் நின்று பேசினார். பேரனால் வழங்க முடியாத தீர்ப்பு அது. அதனை வழங்கும் உரிமை உடையவர் அம்மூதாட்டி ஒருவரே.

பின்னர் ஒன்று கேட்டார்: "என்னிக்குய்யா செத்தாரு? நாளு தெரியுமா?"

பேரனுக்குத் தெரியவில்லை. ஆண்டு தெரியும்; மழைக்காலம் என்பது தெரியும். நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. மலேசியாவில் இத்தனை ஆண்டுகளில் அக்கேள்வியை எவரும் கேட்டதும் இல்லை. அவர் வீட்டுச் சுவரில் தாத்தாவின் படத்திற்கு மாலை இருந்தது; திதி இருந்ததில்லை. தம் குடும்ப வரலாறு முழுவதும் தம்மிடம் உள்ளது, அதற்கு ஊர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும் என்று எண்ணி வந்தவர் அவர்.

மூதாட்டி எழுந்து கொல்லைக்குச் சென்றார். பேரன் தண்ணீர் இறைத்து ஊற்ற, உடுத்திய சேலையோடு தலை முழுகினார். பங்காளி இறந்த செய்தி எத்தனை ஆண்டு கழித்துக் காதில் விழுந்தாலும், விழுந்தவுடன் முழுகவேண்டும் என்பது அவர் அறிந்த முறை. அடுத்து வீட்டு ஆடவர் அனைவரும் முழுகினர். வந்தவரும் முழுகினார்.

விடுதலைப் பத்திரம் அப்பயணத்தில் முடியவில்லை. அவர் கையெழுத்திட இசைந்தார். ஆனால் 1943-இல் சயாம் காட்டில் இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்தவர் எவர்? வாரிசு என்று மெய்ப்பிக்க வேறு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று பத்திரம் எழுதுபவர் ஒரு பட்டியல் கொடுத்தார். சட்டப்படி அந்நிலத்தில் அவருக்கு உரிமை எஞ்சியிருந்ததா என்பதே வழக்கறிஞர் கண்டு சொல்லவேண்டிய செய்தி. பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு அவர் பேராவுக்குத் திரும்பினார். தாத்தா பணியாற்றிய தோட்டம் செம்பனைத் தோட்டமாக மாறியிருந்தது. பழைய பதிவேடுகள் எவையும் அங்கு இல்லை.

அவ்வாண்டு ஆடி அமாவாசையன்று காலையில் தொலைபேசி ஒலித்தது. தம்பி முறையானவன் முசிறியில் காவிரிக் கரையிலிருந்து பேசினான். நாள் தெரியாதவர்க்கு அமாவாசையே நாள் என்று அப்பாயி சொல்லிவிட்டதாகவும், எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று என்றும் சொன்னான். ஐயர் தாத்தாவின் தந்தை பெயரைக் கேட்டாராம், சொன்னானாம். தாத்தாவோடு வாழ்ந்த அப்பாயியின் பெயரையும் சேர்க்கவேண்டும், அது தங்களுக்குத் தெரியாது, அண்ணன் சொன்னால் அடுத்த அமாவாசைக்குச் சேர்த்துக்கொள்வதாகக் கூறினான். அவர் பெயரைச் சொன்னார். கரையில் இரைச்சலாக இருந்ததால் எழுத்துக் கூட்டி மறுமுறையும் சொல்ல வேண்டியிருந்தது.